அரை நொடிக்குள் புரிய வேண்டிய சொற்கள்

காஞ்சிபுரம் மாவட்டத்தில், ஒரகடத்தின் ஆலைகளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது வடக்குப்பட்டு. 2022-இல் இந்தியத் தொல்லியல் துறை அங்கே குழி வெட்டியபோது, ஒரு மீட்டருக்கும் குறைந்த ஆழத்திலேயே கற்கருவிகள் கிடைத்தன. சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன் கற்கருவி செய்த இடம் அது என்று துறையினர் மதிப்பிட்டார்கள். சங்க காலத்தைச் சேர்ந்த பானை ஓடுகளும் மணிகளும் பொன் அணிகலன்களும் அங்கே கிடைத்தன. அதிக தொலைவில் இல்லாத பல்லாவரத்தில்தான் 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபுட் கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்து, இந்திய வரலாற்றுக்கு முந்தைய காலத்தின் ஆய்வைத் தொடங்கி வைத்தார். ஆக, கைவேலையும் கருவியும் இந்த மண்ணுக்குப் புதிதில்லை.

கல்லைச் செதுக்குவது ஒரு கணத்து வேலை. அடி விழுகிற கோணமும் வேகமும் சரியாக இருந்தால் கூரான சில்லு பெயரும்; தவறினால் விரல் நசுங்கும். ஆனால் அன்று அடித்ததும் அதே மனிதனின் கைதான். அடிக்க ஓங்கிய கையை அவன் நினைத்தால் நிறுத்திக்கொள்ளலாம். இன்று அதே வட்டாரத்தில், காருக்கும் பைக்குக்கும் தகடு வெட்டும் பவர் பிரஸ்ஸில் அடி போடுவது மோட்டார். கை உள்ளே இருக்கிறதா, வெளியே வந்துவிட்டதா என்று அதற்குத் தெரியாது. அதை நிறுத்த ஒரு பொத்தானும் ஒரு சுவிட்சும் வேண்டும். அவை என்ன செய்யும் என்று சொல்லும் சொல்லும் வேண்டும். அந்தச் சொல் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது.

ஆலைக்குள் உற்பத்தி வேகத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் எல்லாத் தொழிலாளிக்கும் அத்துப்படி. ‘டார்கெட்’, ‘சைக்கிள் டைம்’, ‘கவுன்ட்’ என்றால் சேர்ந்து ஒரு வாரம் ஆன ஹெல்பருக்கும் புரியும். ஒவ்வொரு ஷிஃப்டிலும் அவை சொல்லிச் சொல்லிப் பதிய வைக்கப்படுகின்றன. நிறுத்துவதைக் குறிக்கும் சொற்களுக்கு அந்தப் பேறு கிடைக்கவில்லை. இயந்திரத்தின் மேல் ஒட்டிய சிறு தகட்டில் அவை ஆங்கிலத்திலேயே கிடக்கின்றன. விரலும் உயிரும் போகும் கணத்தில் உதவ வேண்டிய சொற்கள், அந்த விரலுக்கு உரியவரின் மொழியில் எழுதப்பட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கோரிக்கை.

அரை நொடியின் கணக்கு

நிமிடத்துக்கு 60 முறை அடிக்கும் ஒரு சாதாரண பிரஸ்ஸை எடுத்துக்கொள்வோம். ஒரு அடிக்கு ஒரு நொடி. அதில் மேலிருந்து கீழே இறங்க ஏறத்தாழ அரை நொடி. மேலே திரும்ப மீதி அரை நொடி. கீழே டை எனும் அச்சு, மேலே அதன்மேல் இறங்கும் பன்ச், நடுவில் தகடு. தகட்டை வைப்பதும் எடுப்பதும் கையாலேயே நடக்கிற பிரஸ் என்றால், கை உள்ளே போய் வெளியே வரும் வேலை ஒரு ஷிஃப்டில் ஆயிரக்கணக்கான தடவை நடக்கும்.

ஓர் ஆபத்தைக் கண்ணால் கண்டு கையை அசைக்க மனிதருக்குக் கிட்டத்தட்ட கால் நொடி பிடிக்கிறது. கண் இமைக்கும் நேரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். பன்ச் இறங்கத் தொடங்கியதைக் கண்டு, மூளை உணர்ந்து, கைக்குச் சேதி போவதற்குள் இறக்கத்தின் பாதி முடிந்துவிடும். இரவு ஷிஃப்டின் கடைசி இரண்டு மணி நேரத்தில், கண் எரிய நிற்பவருக்கு இந்தக் கால் நொடி இன்னும் நீளும். ‘கவனமாக இருந்திருக்க வேண்டும்’ என்று விபத்துக்குப் பின் சொல்வது எளிது. ஆனால் அந்தக் கணத்தில் கவனத்துக்கு வேலை செய்ய நேரமே கிடைப்பதில்லை.

அதனால்தான் பொறியியல் இந்த வேலையை மனிதக் கண்ணிடமிருந்து வாங்கிக் கருவியிடம் ஒப்படைத்தது. பிரஸ்ஸின் முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்களால் ஒரு திரை; கை அதைக் குறுக்கிட்டால் இயந்திரம் நிற்க வேண்டும். ஆலைகளில் இதை ‘லைட் கர்ட்டன்’ என்கிறார்கள், பல இடங்களில் வெறும் ‘சென்சார்’. திரை தடையை உணர்வதற்கு ஒரு நொடியில் நூறில் ஒன்றிரண்டு பங்கு போதும். ஆனால் உணர்ந்த பிறகு பிரேக் பிடித்து, சுழலும் கனம் அடங்கி நிற்க இன்னும் கொஞ்சம் நேரம் ஆகும். அந்த இடைவெளியில் கை முன்னேறிக்கொண்டே இருக்கும்.

எவ்வளவு முன்னேறும்? சர்வதேசத் தரநிலைகள் கையின் வேகத்தை நொடிக்கு 1.6 மீட்டர் முதல் 2 மீட்டர் வரை என்று வைத்துக் கணக்கிடுகின்றன. திரை உணர்வதும் பிரஸ் நிற்பதும் சேர்ந்து 0.3 நொடி எடுத்துக்கொண்டால், அதற்குள் கை 48 முதல் 60 சென்டிமீட்டர் வரை போய்விடும். ஆகவே அந்தத் திரை டையிலிருந்து குறைந்தது அவ்வளவு தள்ளி இருக்க வேண்டும். இடம் போதவில்லை என்று 30 சென்டிமீட்டரில் பொருத்தினால், விளக்கு எரியும், சென்சார் வேலை செய்யும், விரலும் போகும். பிரேக் லைனிங் தேயத் தேய நிற்கும் நேரம் கூடிக்கொண்டே போகும் என்பதால், அந்தத் தூரத்தை அவ்வப்போது அளந்து பார்த்துத் திருத்தவும் வேண்டும்.

இன்னொரு நுட்பம் இருக்கிறது. பழைய பிரஸ்கள் பலவற்றில் இருப்பது பின் கிளட்ச் அல்லது கீ கிளட்ச். அது ஒருமுறை பிடித்துவிட்டால் ஒரு முழுச் சுற்று முடியாமல் விடாது. நடுவழியில் அதை நிறுத்த முடியாது. அத்தகைய பிரஸ்ஸுக்கு லைட் கர்ட்டன் போட்டுப் பயனே இல்லை. கை உள்ளே போகவே முடியாதபடி இரும்புத் தடுப்பு வேண்டும். காற்றழுத்தக் கிளட்ச் உள்ள பிரஸ்ஸைத்தான் பாதி இறக்கத்தில் நிறுத்தலாம். தன் முன்னால் நிற்பது எந்த வகை என்பதை ஒவ்வொரு ஆபரேட்டரும் அறிந்திருக்க வேண்டும். அதை அவருக்குச் சொல்ல வேண்டிய பெயர்ப்பலகையில் இருப்பதோ ஆங்கிலத் தொழில்நுட்பச் சுருக்கம்.

சுவிட்சைச் சுற்றி நான்கு சொற்கள்

பிரஸ்ஸின் பலகையில் ஒரு திருகு சுவிட்ச் இருக்கும். அதைச் சுற்றி ஆங்கிலத்தில் நான்கு சொற்கள்: ஆஃப், இன்ச், சிங்கிள், கன்டினியூஸ்.

‘ஆஃப்’ யாருக்கும் தெரியும். அது தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. ‘இன்ச்’ என்பதை அளவு என்று நினைக்க எல்லா நியாயமும் உண்டு. தச்சரிடமும் தையல்காரரிடமும் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள். இங்கே பொருள் வேறு: பொத்தானை அழுத்தும்வரை இயந்திரம் கொஞ்சம் கொஞ்சமாக நகரும், கையை எடுத்தால் நின்றுவிடும். டை மாற்றும்போது பயன்படும் நிலை இது. ‘சிங்கிள்’ என்றால் ஓர் அழுத்தத்துக்கு ஒரே அடி. ‘கன்டினியூஸ்’ என்றால் நிறுத்தும்வரை அடித்துக்கொண்டே இருக்கும். சிங்கிளில் இருப்பதாக நினைத்து உள்ளே கைவிட்டவரின் சுவிட்ச் கன்டினியூஸில் இருந்தால், அடுத்த அடிக்கும் அவர் விரலுக்கும் இடையே ஒரு நொடிகூட இல்லை.

இன்னும் சில சொற்கள் அந்தப் பலகையில் உண்டு. ‘மியூட்டிங்’ என்றால் தொலைக்காட்சியின் சத்தத்தை அடக்குவது என்றே நமக்குத் தெரியும். பிரஸ்ஸில் அதன் பொருள், அடியின் ஆபத்தில்லாத பகுதியில் ஒளித்திரையின் காவலைத் தற்காலிகமாக விலக்கி வைப்பது. அந்த விளக்கு எரியும்போது திரை கையைக் காக்காது. ‘ரீசெட்’ என்பதும் குழப்புகிறது. அவசர நிறுத்தத்தை விடுவித்தபின் அழுத்தும் பொத்தான் அது. அதை அழுத்தியதுமே இயந்திரம் ஓடத் தொடங்கக் கூடாது, தனியாக ஓட்டு பொத்தானை அழுத்தினால்தான் ஓட வேண்டும் என்பது தரநிலை. இந்த விதி தெரியாதவருக்குத் தன் இயந்திரம் பழுதாகி இருப்பதே தெரியாது.

இவற்றுக்குத் தமிழில் எழுத அகராதி தேடி அலைய வேண்டியதில்லை. ‘அழுத்தினால் நகரும், விட்டால் நிற்கும்’. ‘ஒரே அடி’. ‘விடாமல் அடிக்கும்’. ‘இப்போது திரை காக்காது’. ‘உடனே நிறுத்து’. எட்டாம் வகுப்பு படித்தவரும் படித்த அந்தக் கணத்திலேயே செய்ய வேண்டியதை அறிவார். கலைச்சொல் என்ற பெயரில் கடினமான கூட்டுச் சொற்களை இங்கே புகுத்துவது, ஆங்கிலத்தை விட்டுவைப்பதைப் போலவே கெடுதல். ஆபத்தின் முன்னால் சொல் நேராகப் பேச வேண்டும்.

இரண்டு கைக் கட்டுப்பாடு என்ற ஏற்பாட்டையும் இங்கே சொல்ல வேண்டும். தோள் அகலத்துக்குத் தள்ளி வைத்த இரண்டு பொத்தான்களையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பிரஸ் அடிக்கும். அப்போது இரு கைகளும் வெளியே இருந்தாக வேண்டும். இரண்டு அழுத்தங்களுக்கும் இடையே அரை நொடிக்கு மேல் போனால் இயந்திரம் அடிக்கக் கூடாது என்று தரநிலை சொல்கிறது. ஒரு பொத்தானில் குச்சியைச் செருகிவிட்டு ஒற்றைக் கையால் வேலை செய்யும் தந்திரத்தை முறியடிக்கத்தான் இந்த அரை நொடி. இந்தக் காரணத்தைத் தொழிலாளியின் மொழியில் விளக்கிய ஆலையில் அவர் அந்த ஏற்பாட்டைத் தன் காவலாகப் பார்ப்பார். விளக்காத ஆலையில் அது அவருக்கு டார்கெட்டைக் கெடுக்கும் தொல்லை.

கணத்தை அளந்த இரு மொழிகள்

மிகச் சிறிய காலத்துக்கு ஆங்கிலத்தில் சொற்கள் ஏராளம். அவை எல்லாம் பிறக்கும்போதே துல்லியமாக இருந்தவை இல்லை. இன்று கணம் என்ற பொருளில் வழங்கும் ‘மொமென்ட்’, இடைக்கால ஐரோப்பாவில் ஒரு மணி நேரத்தின் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது 90 நொடி. ‘செகண்ட்’ என்ற பெயர், மணியை அறுபதாக வகுத்த முதல் பிரிவு நிமிடம், அதை மறுபடி அறுபதாக வகுத்தது இரண்டாம் பிரிவு என்ற லத்தீன் வழக்கிலிருந்து வந்தது. ‘இன் எ ட்ரைஸ்’ என்பதன் மூலம் கயிற்றை ஒரே இழுப்பாக இழுக்கும் உழைப்பாளியின் சொல். ‘ஜிஃபி’ 18-ஆம் நூற்றாண்டில் பேச்சு வழக்கில் வந்தது. பிறகு மின்பொறியாளர்கள் அதை எடுத்து மாறுமின்னோட்டத்தின் ஒரு சுழற்சிக்குப் பெயராக வைத்தார்கள். இந்தியாவின் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது 20 மில்லிசெகண்ட். ‘ஸ்ப்ளிட் செகண்ட்’ இரட்டை முள் வைத்த ஸ்டாப்வாட்ச்சிலிருந்து வந்தது. கப்பலிலும் பட்டறையிலும் ஆய்வகத்திலும் வேலை செய்தவர்கள் தங்கள் தேவைக்கு ஏற்பப் பேச்சுச் சொற்களைப் பிடித்துக் கூர்தீட்டிக்கொண்டார்கள் என்பதே இதில் உள்ள பாடம்.

தமிழுக்கு இந்தக் கூர்மை அன்னியமானதா? தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரம் மாத்திரை என்ற அளவை இயல்பாகக் கண் இமைக்கும் நேரமாகவும் விரல் நொடிக்கும் நேரமாகவும் வரையறுக்கிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை, மகரக்குறுக்கத்துக்குக் கால். தமிழ்ப் பள்ளியில் இலக்கணம் படித்த ஒவ்வொரு பிள்ளையும் கண் இமைப்பைக் கால் பங்காக வகுத்துத் தேர்வு எழுதியிருக்கிறது. ஒரகடத்தில் ஐடிஐ முடித்து வேலைக்குச் சேரும் இளைஞரும் அந்தப் பிள்ளைகளில் ஒருவர்தான். மில்லிசெகண்ட் என்ற கருத்து அவருக்குப் புரியாது என்று சொல்பவர், அவர் படித்த பாடத்தை அறியாதவர்.

பேச்சுத் தமிழோ இன்னும் வளமானது. சட்டென்று, பட்டென்று, படக்கென்று, வெடுக்கென்று, விருட்டென்று, சரேலென்று: ஒவ்வொன்றும் வேகத்தோடு அசைவின் தன்மையையும் சேர்த்துக் காட்டும். படக்கென்று மூடுவது வேறு, வெடுக்கென்று பிடுங்குவது வேறு. பிரஸ் இறங்குவதையும் கையை எடுப்பதையும் இவ்வளவு நுட்பமாகப் பிரித்துச் சொல்லக்கூடிய மொழியில், பாதுகாப்புப் பயிற்சி மட்டும் ஆங்கிலப் படவில்லைகளை வாசித்துக் காட்டுவதாக முடிந்துபோகிறது. கடைசியில் வருகைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள்; பயிற்சி நடந்ததற்கு அதுவே சான்றாகிவிடுகிறது.

விரலுக்குச் சட்டம் போட்ட விலை

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் ஓர் அட்டவணை இருந்தது. கட்டை விரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவீதம், நடுவிரலுக்கு 12, மோதிர விரலுக்கோ சுண்டு விரலுக்கோ 7. ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50. நிர்வாகத்துக்கு இவை இழப்பீட்டுக் கணக்கு. இருபத்து மூன்று வயதில் வலக்கை ஆள்காட்டி விரலை இழந்தவருக்கு, சட்டைப் பொத்தான் போடுவதிலிருந்து அடுத்த வேலைக்கான நேர்காணலில் கையை மறைத்துக்கொள்வது வரை, அந்த 14 சதவீதம் வாழ்நாள் முழுதும் தொடர்கிறது.

இந்திய வாகனத் தொழிலில் இது அபூர்வமான விபத்து இல்லை. ‘சேஃப் இன் இந்தியா’ என்ற அமைப்பு 2019 முதல் ‘கிரஷ்ட்’ என்ற பெயரில் அறிக்கைகளை வெளியிட்டு வருகிறது. முக்கியமாக ஹரியானாவில் உதிரிபாக ஆலைகளில் காயமடைந்த தொழிலாளர்களிடம் திரட்டிய விவரங்கள் அவை. கை நசுங்கும் விபத்துகளுக்குப் பவர் பிரஸ்தான் முதன்மைக் காரணம் என்றும், காயமடைந்தவர்களில் பெரும்பாலோர் வெளிமாநிலங்களிலிருந்து வந்தவர்கள் என்றும் அவை காட்டுகின்றன. பெரிய கார் ஆலைக்குள் ரோபோக்கள் தகட்டைத் தூக்கி வைக்கின்றன. அந்த ஆலைக்குப் பாகம் கொடுக்கும் நிறுவனத்துக்குப் பாகம் கொடுக்கும் சிறு பட்டறையில்தான் கை உள்ளே போகிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளின் விநியோகச் சங்கிலியும் இப்படித்தான் அம்பத்தூர், திருமுடிவாக்கம் பட்டறைகள் வரை நீள்கிறது.

இந்த வட்டாரமே அறிந்த சோகம் ஒன்றும் உண்டு. 2010 அக்டோபர் 31 அன்று, ஸ்ரீபெரும்புதூரில் அப்போது இயங்கிய நோக்கியா தொழிற்சாலையில், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பெண் தொழிலாளி ஒருவர் பலகை ஏற்றும் இயந்திரத்தில் சிக்கி உயிரிழந்தார். பிரஸ்ஸைப் போலக் கனமான இயந்திரம் அது இல்லை. செல்பேசிச் சுற்றுப் பலகைகளைக் கையாளும், பார்வைக்குச் சாதுவான கருவி. அசையும் பாகம் உள்ள எந்த இயந்திரமும் ஒரு கணத்தில் ஆளைக் கொல்லும் என்பதை அந்த மரணம் காட்டியது. 2014-இல் அந்த ஆலை மூடப்பட்டது. இன்று அதே வட்டாரத்து மின்னணு ஆலைகளில் ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் வேலை செய்கிறார்கள்.

இதற்கு நேர்மாறான காட்சியும் ஒரகடத்திலேயே இருக்கிறது. அங்குள்ள குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டரில் கார் மோதல் சோதனைக்கான ஆய்வகம் உண்டு. 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் திட்டத்தின்படி கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுத் தரமிடுகிறார்கள். மோதிய பிறகு ஏர்பேக் விரிய ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குகூட ஆகாது. அந்தக் கணத்தை அதிவேகக் கேமராவால் படம் பிடித்து, உள்ளே பொம்மை மனிதரின் தலை எவ்வளவு அதிர்ந்தது என்று அளக்கிறார்கள். காரை வாங்குபவருக்காக மில்லிசெகண்டை அளக்கும் இந்தத் தொழில், அதே காரின் கதவுத் தகட்டை அடிப்பவருக்கும் அந்த அக்கறையைக் கடன்பட்டிருக்கிறது.

சட்டத்தில் உள்ள இடைவெளி

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் மொழியை மறக்கவில்லை. அதன் 108-ஆம் பிரிவு, சட்டப்படி வைக்க வேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. 24-ஆம் பிரிவு, ஒவ்வொரு பணிக்கூடத்திலும் அவசரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஏற்பாடு வேண்டும் என்றது. போபால் பேரழிவுக்குப் பிறகு, 1987-இல் சேர்க்கப்பட்ட 7ஏ பிரிவு தகவலும் பயிற்சியும் மேற்பார்வையும் அளிப்பதை நிர்வாகத்தின் கடமையாக்கியது. 111ஏ பிரிவு அவற்றைக் கேட்டுப் பெறுவதைத் தொழிலாளியின் உரிமையாக்கியது.

ஆனால் 108-ஆம் பிரிவு பேசியது சுவரில் தொங்கும் அறிவிப்பைப் பற்றி. இயந்திரத்தின் முகத்தில், பொத்தானுக்குப் பக்கத்தில் உள்ள எழுத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. அதனால்தான் வாசலில் அழகான தமிழில் ‘பாதுகாப்பே முதன்மை’ என்ற பலகை இருக்கிறது. கை வைக்கும் இடத்தில் ஆங்கிலம் இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் பற்றிய 2020-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு பழைய சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கிறது. அதன் கீழ் மாநிலம் வகுக்கும் விதிகளில் இந்த இடைவெளியை அடைக்க வாய்ப்பு இருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு இயந்திர நெறிமுறை ஒரு நல்ல முன்மாதிரி. ஒரு நாட்டில் விற்கப்படும் இயந்திரத்தின் கையேடு அந்த நாட்டின் ஆட்சிமொழியில் இருக்க வேண்டும். எழுத்தில் உள்ள எச்சரிக்கைகளையும் தன் மொழியில் கேட்க அந்த நாட்டுக்கு உரிமை உண்டு. ஒரு நிறுவனம் தன் பிரஸ்ஸை இத்தாலிக்கு விற்கும்போது இத்தாலிய மொழியில் எழுதித் தருகிறது. ஏறத்தாழ அறுபது லட்சம் பேர் வாழும் டென்மார்க்குக்கு டேனிஷில் எழுதித் தருகிறது. ஏழு கோடிக்கும் அதிகமானோர் வாழும் தமிழ்நாட்டுக்குத் தமிழில் எழுதித் தர முடியாது என்றால், காரணம் ஒன்றே: யாரும் கேட்கவில்லை.

எழும் ஆட்சேபங்கள்

படக்குறியீடு போதாதா என்று கேட்கிறார்கள். மஞ்சள் பின்னணியில் சிவப்புக் காளான் வடிவப் பொத்தான் உலகெங்கும் அவசர நிறுத்தத்தைக் குறிக்கிறது. அது அருமையான ஏற்பாடு. அப்படியே இருக்க வேண்டும். ஆனால் அந்தச் சிவப்புப் பொத்தானிலேயே இரண்டு வகை உண்டு. ஒன்று மின்சாரத்தை உடனே துண்டிக்கும். மற்றது, இயக்கத்தைக் கட்டுப்பாட்டோடு அடக்கி நிறுத்திய பிறகு துண்டிக்கும். பொத்தான் ஒன்றுபோல இருந்தாலும் இயந்திரம் நிற்கும் விதம் வேறு. அதை நிறமும் வடிவமும் சொல்லாது; சொல்தான் சொல்ல வேண்டும்.

தமிழ் மட்டும் எழுதினால் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வந்தவர்கள் என்ன செய்வார்கள் என்பது அடுத்த கேள்வி. மிக நியாயமான கேள்வி. ஒரகடத்தின் பல பட்டறைகளில் பிரஸ்ஸின் முன்னால் நிற்பவர் தமிழர் இல்லை. 108-ஆம் பிரிவு பயன்படுத்திய ‘பெரும்பான்மை’ என்ற அளவுகோலும் இங்கே போதாது. சிறுபான்மையாக இருப்பவரின் விரலும் விரல்தான். தமிழ், ஆங்கிலம், இந்தி மூன்றும் பலகையில் இருக்கட்டும். ஒடியாவோ வங்காளமோ பேசுபவர்கள் வேலை செய்யும் இடத்தில் அதையும் சேர்த்து ஒட்டுங்கள். தொடுதிரை உள்ள புதிய இயந்திரங்கள் பலவற்றில் மொழியை மாற்றும் வசதி ஏற்கெனவே இருக்கிறது. ஷிஃப்ட் தொடங்கும்போது ஆபரேட்டர் தன் மொழியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

ஆங்கிலச் சொல்லை எடுத்துவிட்டால் மெயின்டெனன்ஸ் ஆட்கள் குழம்புவார்கள் என்றும் சொல்வதுண்டு. யாரும் எடுக்கச் சொல்லவில்லை. கையேட்டோடு பொருந்த ஆங்கிலச் சொல் அருகிலேயே இருக்கட்டும். ஸ்டாப், பிரேக், ஆஃப் போன்றவை தெருவிலேயே தமிழாகிவிட்டன. அவற்றைத் தமிழ் எழுத்தில் எழுதினாலே போதும். ஊகித்துப் பொருள் கொள்ள வேண்டிய சொல் பொத்தானுக்குப் பக்கத்தில் தனியாக நிற்கக் கூடாது என்பதுதான் கோரிக்கை.

யார், என்ன செய்ய வேண்டும்?

முதல் பொறுப்பு, தமிழ்நாடு அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு. பவர் பிரஸ், இன்ஜெக்‌ஷன் மோல்டிங், கன்வேயர், ரோபோ கூடு ஆகிய நான்கு வகை இயந்திரங்களிலிருந்து தொடங்கலாம். அவற்றின் கட்டுப்பாட்டுப் பலகையில் வரும் சொற்கள் ஐம்பதைத் தாண்டினால் அதிகம். அந்தப் பட்டியலுக்கு நேரான தமிழ் வாசகங்களை இயக்ககம் முடிவு செய்து, ஒட்டுவில்லைகளாக அச்சிட்டு, ஆய்வுக்குப் போகும் இடமெல்லாம் கொடுக்கலாம். கலைச்சொற்களைத் தொகுக்கும் சொற்குவைத் திட்டம் அரசிடமே இருக்கிறது. அதன் அறிஞர்களோடு பிரஸ் ஆபரேட்டர்களையும் ஃபிட்டர்களையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். எந்தச் சொல் அரை நொடியில் புரிகிறது என்பதற்கு அவர்களே நீதிபதிகள்.

இரண்டாவது பொறுப்பு பெரிய நிறுவனங்களுக்கு. ஹூண்டாய், ரெனோ நிசான், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு போன்ற பெயர்கள் இந்த வட்டாரத்தை உலக வரைபடத்தில் ஏற்றின. பாகத்தின் தரத்தை மைக்ரான் கணக்கில் சோதித்து வாங்கும் வாகன நிறுவனங்கள், அதை அடிக்கும் பிரஸ்ஸின் முன்னால் எந்த மொழியில் எழுதியிருக்கிறது என்பதையும் தணிக்கையில் சேர்க்கலாம். ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்ந்தால் கடைசிப் பட்டறை வரை அது போய்ச் சேரும். அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட்டும் மனை ஒதுக்கும்போது இதே வரியை நிபந்தனையாக வைக்கலாம்.

ஐடிஐக்களில் இயந்திரச் சொற்களை அவற்றின் தமிழ் வாசகங்களோடு சேர்த்துக் கற்பிக்க வேண்டும். தொழிற்சங்கங்கள் ஊதியக் கோரிக்கைப் பட்டியலில் இதற்கும் ஒரு எண் கொடுக்க வேண்டும். ஆண்டுதோறும் மார்ச் 4 அன்று தேசியப் பாதுகாப்பு நாள் கொண்டாடப்படுகிறது. உறுதிமொழி எடுக்கிறார்கள், சட்டையில் பேட்ஜ் குத்திக்கொள்கிறார்கள். அந்த நாளில் ஒவ்வொரு ஆலையும் தன் இயந்திரங்களில் உள்ள சொற்களை ஒருமுறை படித்துப் பார்த்து, புரியாதவற்றின் மேல் புரியும் சொல்லை ஒட்டட்டும்.

இந்த வேலைக்குப் புதிய தொழில்நுட்பம் தேவையில்லை; பெரிய நிதியும் தேவையில்லை. ஓர் ஒட்டுவில்லைக்குச் சில ரூபாய்தான் ஆகும். தமிழ்நாடு அரசு புதிய சட்டத் தொகுப்பின் கீழ் விதிகளை வகுக்கும்போது, இயந்திரத்தின் ஒவ்வொரு கட்டுப்பாட்டுப் பொத்தானும் அதை இயக்குபவருக்குப் புரியும் மொழியில் பெயர் தாங்க வேண்டும் என்ற ஒரே வாக்கியத்தைச் சேர்க்க வேண்டும். அதுவரை காத்திருக்காமல், ஆலை நடத்துபவர்கள் அடுத்த ஷிஃப்டுக்கு முன்பே இதைச் செய்யலாம்.